கிளட்ச் எவ்ளோ நாள் தாங்கும்? அப்பா எண்ணின கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை நீக்கி, படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். போன எபிசோட்ல பழைய கார் வாங்கறதைப் பத்திப் பேசினதுக்கு அப்பறம் நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, மேனுவல்ல ஒரு ஸ்போர்ட்டி வண்டி பாத்து வெச்சிருக்கேன். கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன், சுத்தி வளைக்க வேண்டாம். நிதானமா ஹைவேல ஓட்டறவங்களுக்கு 80,000, சில பேருக்கு ஒரு லட்சம் தாண்டியும் வரும். டவுனுக்குள்ளயே ஓட்டினா 50,000 பக்கம். தப்பா ஓட்டினா 10,000 கூட வராது. எந்த மெக்கானிக்கிட்ட கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் சொல்லுவாங்க.

இப்போ ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரே வண்டி, ஒரே பார்ட், ஆயுசு மட்டும் ஆளுக்கு ஆள் பத்து மடங்கு மாறுது. அப்படி மாறுச்சுன்னா, நாம அளக்கற அளவுகோல்லயே ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம். கிளட்ச்சோட ஆயுசைக் கிலோமீட்டர்ல அளக்கவே கூடாது. எதுல அளக்கணும்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

அதுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்றேன். நான் வாங்கின வண்டியோட கிளட்ச் 3,000 கிலோமீட்டர்ல போச்சு. அதுக்கு வேற ஒரு மனுஷனைத் திட்டினேன்.

பர்லியார் தாண்டி ஒரு வாசனை

2023 ஆரம்பத்துல ஈரோட்டுல ஒருத்தர்கிட்ட ஒரு டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக் வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்லல. கதை முடியும்போது ஏன்னு உங்களுக்கே புரியும், தப்பு வண்டி மேல இல்ல. ஓடினது 38,000 கிலோமீட்டர். சின்ன வண்டி, பெரிய இழுவை. என் சம்பளத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா அதுதான்.

மே மாசம் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊட்டி கிளம்பினேன். மே மாசம், ஞாயித்துக்கிழமை, மேட்டுப்பாளையம் – குன்னூர் ரோடு. இதைக் கேக்கறப்பவே கோயம்புத்தூர்க்காரங்க சிரிச்சிருப்பீங்க. கல்லார் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் வண்டிங்க வரிசையா நின்னுடுச்சு. பத்தடி நகரும், நிக்கும். மறுபடி பத்தடி. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. நாங்க ரெண்டாவது வளைவுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

நான் என்ன பண்ணேன்? ஹேண்ட்பிரேக்கை எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு யார் ஓட்டறதுன்னு, ஹாஃப் கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சு நிறுத்தினேன். ஆக்ஸிலரேட்டர்ல லேசா கால், கிளட்ச் பாதி. வண்டி முன்னாடியும் போகாம பின்னாடியும் போகாம அப்படியே மிதக்கும். பாக்க ஸ்டைலா இருக்கும். அதை ஒரு திறமைன்னு வேற நெனச்சுக்கிட்டேன்.

பர்லியார் தாண்டினதும் வண்டிக்குள்ள ஒரு கருகல் வாசனை. அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நான் சொன்னேன், "முன்னாடி போற லாரியோட பிரேக்மா."

எங்க அப்பா சங்ககிரிப் பக்கம் 22 வருஷம் லாரி ஓட்டினவர். பக்கத்து சீட்டுல கண்ணை மூடி உக்காந்திருந்தார். கண்ணைத் திறக்காமயே கேட்டார்: "ஏன் கண்ணு, மேல ஏர்ற லாரி எதுக்குடா பிரேக் புடிக்குது?"

அடுத்த வளைவுல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ரெவ் 4,000 போகுது, வண்டி நகரல. ஓரங்கட்டினோம்.

முக்கால் மணி நேரம் பானெட்டைத் திறந்து வெச்சு ஆற விட்டோம். அப்பறம் அப்பா ஸ்டீயரிங்ல உக்காந்தார். அவர் ஓட்டினதை நான் மறக்க மாட்டேன். முன்னாடி வண்டி நகந்தாலும் இவர் நகரல. ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல்ல, அப்படியே இருக்கார். நாலு வண்டி நீளத்துக்கு இடம் கிடைச்சதும் ஒரே தடவையா கிளட்ச்சை முழுசா விட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா ஊர்ந்து போவார். திரும்ப நிப்பார். பின்னாடி இருக்கறவங்க ஹாரன் அடிச்சே ஓஞ்சு போனாங்க. செத்துட்ட மாதிரி இருந்த கிளட்ச்சை வெச்சு அவர் குன்னூர் வரைக்கும் ஏத்திட்டார்.

உள்ள என்னதான் இருக்கு

அந்த மனுஷன் என்ன பண்ணாருங்கறது புரியணும்னா உள்ள இருக்கறதைக் கொஞ்சம் பாக்கணும்.

எஞ்சின் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கணும், நின்னா ஆஃப். சக்கரம் சில நேரம் நிக்கணும். சுத்தறதையும் நிக்கறதையும் சேத்து வைக்கற புரோக்கர்தான் கிளட்ச். எஞ்சின் பக்கம் ஃப்ளைவீல், இன்னொரு பக்கம் பிரஷர் பிளேட், நடுவுல கிளட்ச் பிளேட். சாண்ட்விச் மாதிரி. பெடல்ல கால் இல்லாதப்போ பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் மூணையும் சேத்து அமுக்கி வெச்சிருக்கும். மூணும் ஒண்ணா சுத்தும். அங்க தேய்மானம் கிட்டத்தட்ட பூஜ்யம். பெடலை முழுசா மிதிச்சா பிளேட் தனியா விலகிடும். அப்பவும் அது தேயறதில்ல.

தேயறது நடுவுலதான். பாதி மிதிச்ச நிலைமைல ஃப்ளைவீல் ஒரு வேகத்துல சுத்தும், பிளேட் வேற வேகத்துல சுத்தும், ரெண்டும் உரசிக்கும். அந்த உரசல்தான் சூடு. பிளேட்ல ரிவெட் தலை வரைக்கும் தேய இருக்கற லைனிங் ஒரு பக்கத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்தான். நீங்க காசு கொடுத்து வாங்கற மொத்த ஆயுசும் அந்த ஒண்ணரை மில்லிமீட்டர்லதான் இருக்கு.

ஹைவேல அஞ்சாவது கியர்ல சேலம் போய்ட்டு வந்தா கிலோமீட்டர் ஏறும், கிளட்ச் தேயாது. காந்திபுரத்துல ஒரு சிக்னலைத் தாண்ட முக்கா கிலோமீட்டர் ஊர்ந்தா கிலோமீட்டர் ஏறாது, கிளட்ச் தேயும். ஆக, கிளட்ச்சோட வயசை உரசின நொடிகள்ல அளக்கணும்.

ஒரு டம்ளர் தண்ணி

நாம இன்ஜினியரிங் படிச்ச ஆளுங்க, ஒரு கணக்கு போட்டுடலாம். பயப்படாதீங்க, பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான்.

ஆளோட சேத்து 1,200 கிலோ வண்டின்னு வெச்சுக்குவோம். எஞ்சின் ரெவ்வை ஒரே அளவுல வெச்சு, கிளட்ச்சை விட்டுச் சமதளத்துல கிளம்பினா, வண்டிக்கு எவ்ளோ இயக்க ஆற்றல் கிடைக்குதோ அதே அளவு கிளட்ச்ல சூடாப் போகும். எஞ்சின் கொடுக்கறதுல பாதி வண்டிக்கு, பாதி உரசலுக்கு.

1,500 ஆர்பிஎம்ல கிளம்பினா, ஃபர்ஸ்ட் கியர்ல சுமார் 12 கிலோமீட்டர் வேகத்துல கிளட்ச் முழுசா பிடிச்சிடும். அதுக்குள்ள வந்த சூடு கிட்டத்தட்ட 7 கிலோ ஜூல். சில்லறைக் காசு.

இப்போ ரீல்ஸ்ல பாக்கற மாதிரி 4,500 ஆர்பிஎம் ஏத்தி விடறீங்க. ரெவ் மூணு மடங்கு. வேகம் வர்க்கத்துல வர்றதால சூடு ஒன்பது மடங்கு. 60 கிலோ ஜூல். ஒரு டம்ளர் தண்ணியை, 200 மில்லி, ரூம் டெம்பரேச்சர்ல இருந்து கொதிக்க வைக்கற சூடு அது. ரெண்டு, மூணு நொடியில, ஒரு மெல்லிசான பிளேட்டுக்குள்ள.

இதைக் கேட்டா, "அப்போ லாஞ்ச் போடறவன்தான் குற்றவாளி"ன்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். அடுத்த கணக்கு போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏர்ற ஏத்தத்துல, அதே வண்டியை 1,500 ஆர்பிஎம்ல ஹாஃப் கிளட்ச்ல பிடிச்சு நிறுத்தறோம். வண்டி ஒரு இன்ச் கூட நகரல. அதனால எஞ்சின்ல இருந்து அந்தப் பக்கம் வர்ற மொத்தமும் சூடுதான். சுமார் 3,800 வாட். வீட்டுல இருக்கற இண்டக்‌ஷன் அடுப்பு ஃபுல்லா வெச்சா 2,000 வாட். அப்படி ரெண்டு அடுப்பை கிளட்ச் பிளேட்டுக்கு அடியில பத்த வெச்ச மாதிரி. அரை நிமிஷம் அப்படிப் பிடிச்சா 110 கிலோ ஜூலுக்கு மேல.

அதாவது, ஏத்தத்துல முப்பது நொடி ஸ்டைலா மிதந்தது, ரெண்டு முரட்டு லாஞ்சுக்குச் சமம். நான் பர்லியார் வரைக்கும் ஒரு மணி நேரம் மிதந்திருக்கேன். சாதாரண கிளட்ச் லைனிங் 250, 300 டிகிரி பக்கம் போச்சுன்னா பிடிப்பை விட ஆரம்பிக்கும். பிடிப்பு விட்டா இன்னும் வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடாகும். கதை முடிஞ்சுது.

அப்பா அன்னிக்குக் குன்னூர் வரைக்கும் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். உரசற நொடியைக் குறைச்சார்.

ரேஸ் ட்ராக்ல என்ன நடக்குது

இதுக்கு சாட்சி நம்ம ஊர்லயே இருக்கு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. எஸ். கரிவரதன் நினைவா அந்தப் பேர். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். 80-கள்ல, வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதி இல்லாத பசங்களுக்காக, மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சார். ஃபார்முலா மாருதி. வெறும் 796 சிசி. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். அந்த ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்சவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல ஜோர்டான் டீமுக்காக ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். நம்ம கோயம்புத்தூர்க்காரர்.

இதை எதுக்கு சொல்றேன்னா, ஸ்போர்ட்ஸ் கார்னா விலை உயர்ந்த வண்டின்னு இந்த ஊர் என்னைக்குமே நெனச்சதில்ல. சாதாரண எஞ்சின், ஓட்டறவன் கால், கை. அவ்ளோதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஃபார்முலா ஒன் கார்ல கிளட்ச் பெடலே கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி ஒரு பேடில். டிரைவர் அதைத் தொடறது ரேஸ் ஸ்டார்ட்லயும், பிட் ஸ்டாப்லயும்தான். ஓடும்போது கியர் மாத்தறதுக்கு அதுல கை வைக்கறதே இல்ல. கிளட்ச்சுக்கு உண்மையான வேலை வண்டி கிளம்பற அந்த ஒரு நேரம் மட்டுந்தான். மேனுவல் கார்லயும் அதேதான். ஓடற வண்டியில ரெண்டுல இருந்து மூணு மாத்தறப்போ ரெண்டு பக்க வேகத்துக்கும் வித்தியாசம் கம்மி, உரசற நேரம் அரை நொடி கூட இல்ல.

ட்ராக்ல பதினஞ்சு லேப் ஓட்டறவன் ஒரே ஒரு தடவைதான் நின்ன இடத்துல இருந்து கிளம்பறான். ஹோப் காலேஜ்ல இருந்து ஆபீஸ் போறவன் எத்தனை தடவை கிளம்பறான்?

அப்பா எண்ணினார்

குன்னூர்ல இருந்து மறுநாள் இறங்கி வந்ததும் கணபதியில ஒரு மெக்கானிக் அண்ணாகிட்ட விட்டேன். கிளட்ச் செட்டு, ஃப்ளைவீல் கடைசல், கூலி எல்லாம் சேத்து 32,000 ரூபாய். கிளட்ச் தேய்மானப் பொருள், வாரன்ட்டி இருந்திருந்தாலும் பெரும்பாலும் கிடைக்காது.

பில்லைப் பாத்த கோவத்துல ஈரோட்டுக்காரருக்கு நீளமா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். "கிளட்ச் போற நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சே வித்துட்டீங்க. இப்படி ஏமாத்திச் சம்பாதிச்ச காசு உங்களுக்கு ஒட்டுமா"ன்னு. அவர் ஒரே வரில பதில் அனுப்பினார். "நான் ஓட்டின வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க." அதோட சரி.

மெக்கானிக் அண்ணா பழைய பிளேட்டைக் கைல கொடுத்தார். "பாருங் தம்பி, ரிவெட்டுக்கு மேல லைனிங் இன்னும் பாதி இருக்குதுங். தேஞ்சு போன பிளேட்டு வேற, எரிஞ்சு போன பிளேட்டு வேற. இது எரிஞ்சதுங்." ஃப்ளைவீல்ல நீல நீலமா சூட்டுத் தழும்பு. பழைய ஓனர் 38,000 ஓட்டியும் பாதி லைனிங் மிச்சம் வெச்சுக் கொடுத்திருக்கார். ஆதாரம் என் கைலயே இருந்துச்சு. இருந்தும் மனசு ஒத்துக்கல.

புது கிளட்ச் போட்ட முதல் வாரம் அப்பா ஆபீஸ் வரைக்கும் கூட வந்தார். அப்போ அவினாசி ரோட்ல மேம்பால வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, ரோடே பாதிதான். ஒண்ணும் பேசல, வெரல் மடிச்சுக்கிட்டே வந்தார். லட்சுமி மில் சிக்னல்ல சொன்னார்: "நாப்பத்தி மூணு."

"என்னப்பா நாப்பத்தி மூணு?"

"தேவையில்லாம கிளட்ச்சுல கால் வெச்சது. கெளம்பறதுக்கு மிதிச்சத நா எண்ணலடா. சும்மா வெச்சிருந்தியே, அத எண்ணுனேன்."

எனக்கு நம்பிக்கை வரல. சாஃப்ட்வேர்காரன் ஆச்சே, டேட்டா வேணும். ஒரு ஓபிடி டாங்கிள் வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு கியர்லயும் ரெவ்வுக்கும் வேகத்துக்கும் ஒரே விகிதம் இருக்கும். அந்த விகிதத்துல இல்லாத, அதே சமயம் ஆக்ஸிலரேட்டர் மிதிச்சிருக்கற நொடிகளைப் பிரிச்சா, அது உரசல். பைத்தான்ல நாப்பது வரி ஸ்கிரிப்ட். ஒரு வாரம் ஓட்டிட்டு கிராஃப் பாத்தேன். அப்பா எண்ணினதுல தப்பே இல்ல.

ஸ்போர்ட்டி வண்டிக்குன்னு தனியா

இந்த மாதிரி வண்டி வாங்கறவங்க கூடுதலா தெரிஞ்சுக்க வேண்டியது மூணு.

ஒண்ணு, ரீமேப். கிளட்ச் எவ்ளோ டார்க் தாங்கும்ங்கறது ஸ்பிரிங்கோட அழுத்தம், லைனிங்கோட உராய்வு, பிளேட்டோட அளவு, இது மூணையும் பொறுத்தது. கம்பெனி எஞ்சின் டார்க்கை விடக் கொஞ்சம் அதிகமா தாங்கற மாதிரி கொடுப்பாங்க. 170 நியூட்டன் மீட்டர் எஞ்சினை சாஃப்ட்வேர் மாத்தி 240 ஆக்கினா அந்தக் கூடுதல் தீந்து போயிடும். அப்பறம் நீங்க எவ்ளோ ஒழுங்கா ஓட்டினாலும் நாலாவது, அஞ்சாவது கியர்ல கீழ் ரெவ்ல மிதிச்சா வழுக்கும். டர்போவோட முழு இழுவை அங்கதானே வருது.

ரெண்டு, பெடல் கனம். பவர் அதிகம்னா ஸ்பிரிங் முரடு, பெடல் கனம். கால் வலிக்கும். வலிச்சா பாதியிலயே வெச்சிருப்போம். அதுக்குத்தான் இடது பக்கம் டெட் பெடல் கொடுத்திருக்காங்க. கியர் மாத்தினதும் கால் அங்க போயிடணும். கிளட்ச் மேல லேசா பாதம் வெச்சா ஸ்பிரிங் அழுத்தம் குறையும், ரிலீஸ் பேரிங்கும் சும்மா சுத்தித் தேயும்.

மூணு, "ஆட்டோமேட்டிக் வாங்கினா இந்தத் தொல்லை இல்லையே"ன்னு கேக்கறவங்களுக்கு. ஏஎம்டியா இருந்தா உள்ள இருக்கறது இதே பிளேட்தான், மிதிக்கறது மட்டும் மோட்டார். ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்ஸிலரேட்டர்லயே நிறுத்தி வெச்சா அதுவும் எரியும்.

பழைய வண்டி பாக்கறப்போ காலியா இருக்கற ரோட்ல மூணாவது இல்ல நாலாவது கியர், 40 கிலோமீட்டர் வேகம், ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிங்க. ரெவ் முள்ளும் வேகமும் சேந்து ஏறணும். ரெவ் மட்டும் எகிறி வேகம் பின்னாடி நொண்டிட்டு வந்தா கிளட்ச் வழுக்குது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப செஞ்சு அடுத்தவங்க கிளட்ச்சை எரிச்சுடாதீங்க. பெடல் ரொம்ப மேல வந்த பிறகுதான் வண்டி நகருதா, பெடல் வழக்கத்துக்கு மேல கனமா இருக்கா, இதையும் பாருங்க.

ஓட்டறப்போ? சிக்னல்ல நியூட்ரல். ஏத்தத்துல ஹேண்ட்பிரேக். நெரிசல்ல முன்னாடி இடம் விட்டு, கிளம்பினா முழுசா கிளம்பறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுல ரிவர்ஸ்ல இன்ச் இன்ச்சா ஏத்தறதைக் குறைக்கறது. புதுசா ஒண்ணும் இல்ல. டிரைவிங் ஸ்கூல்ல முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க, நாமதான் ஸ்டைலுக்காக மறந்துட்டோம்.

கடைசியா

அந்தப் புது கிளட்ச் இப்போ 50,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவும் ரெண்டு தடவை ஏறியாச்சு. 2025 அக்டோபர்ல கோல்ட்வின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தாங்க, ஜி.டி. நாயுடு பேர்ல. எனக்கு அதுல பெட்ரோல் எவ்ளோ மிச்சம்னு கணக்கு போடல. கிளட்ச் மிச்சம்னு மட்டும் என் ஸ்கிரிப்ட் சொல்லுது.

ஈரோட்டுக்காரருக்கு போன் பண்ண எனக்கு எட்டு மாசம் ஆச்சு. மெசேஜ்ல சொல்லி முடிச்சுக்கலாம்னுதான் இருந்தேன். திட்டினதை மெசேஜ்ல திட்டினேன், மன்னிப்பாவது வாயால கேப்போம்னு போன் போட்டேன். "அண்ணா, அன்னிக்கு நான் அனுப்பினது தப்புங்ணா. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எரிச்சுட்டேன்"னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் சொன்னார்: "அட, அத உடுங் தம்பி. வண்டி இப்ப நல்லா இழுக்குதுங்ளா?"

நல்லா இழுக்குதுன்னு சொன்னேன். அது அவர் அஞ்சு வருஷம் பாத்துப் பாத்து ஓட்டின வண்டி.

உங்க கிளட்ச் எத்தனை ஆயிரம் ஓடுச்சு, கடைசில எப்படிப் போச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பொய் சொல்லாதீங்க, பிளேட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். அடுத்த எபிசோட்ல டயர் பத்திப் பேசலாம். வரேனுங்க.